பதிவேடும் தன்வரலாறும்: மேரி சீகோல், சூசி கிங் டெய்லர் நூல்களில் கறுப்பினச் செவிலியர் பணி

முன்னுரை

போர்க்களத்தில் காயமுற்றோரைப் பேணியவர் யார் என்னும் வினாவிற்கு அரசின் பதிவேடு ஒரு விடை தருகிறது. பேணப்பட்டவர்களின் நினைவு மற்றொரு விடை தருகிறது. இவ்விரு விடைகளும் முரண்படும்போது பேணியவரே எழுதுகோலை எடுக்க நேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த இரு பெரும் போர்கள் இத்தகைய இரு நூல்களை நமக்குத் தந்துள்ளன. ஒன்று, கிரிமியப் போரில் பணியாற்றிய ஜமைக்கா நாட்டு மேரி சீகோல் 1857இல் இலண்டனில் வெளியிட்ட ‘பல நாடுகளில் திருமதி சீகோலின் வியத்தகு அனுபவங்கள்’. மற்றொன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றுடன் வாழ்ந்த சூசி கிங் டெய்லர் 1902இல் பாஸ்டன் நகரில் தாமே வெளியிட்ட ‘பாசறையில் என் வாழ்க்கை நினைவுகள்’.

தன்வரலாறு என்பது தன்னை வெளிப்படுத்தும் இலக்கிய வகை என்று பொதுவாகக் கூறப்படும். இவ்விரு நூல்களோ எழுதியவரின் அகவாழ்வு குறித்து மிகக் குறைவாகவே பேசுகின்றன. திருமணம், கணவரின் இறப்பு, தனிமை ஆகியன சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆனால் யாருக்கு எந்நாளில் என்ன மருந்து அளிக்கப்பட்டது, எந்த அதிகாரி என்ன சான்று எழுதினார் என்பன விரிவாக இடம்பெறுகின்றன. இதனைக் கலைக்குறையாகக் கொள்வதா, வேறு காரணம் உண்டா என்பதே இங்கு எழும் வினா. பதிவேடு மறுத்த பணியை நிறுவும் சாட்சியங்களாகவே இந்நூல்கள் எழுதப்பட்டன என்பதும், அவற்றின் வடிவமும் மௌனமும் அந்நோக்கத்தால் அமைந்தவை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

செவிலியும் மருத்துவச்சியும்

இந்நூல்களைத் தமிழில் பேச முற்படும்போது இரு சொற்கள் முன்வந்து நிற்கின்றன. இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்க வழங்கும் ‘செவிலியர்’ என்னும் சொல் சங்க அகப்பாடல்களின் செவிலித்தாயிலிருந்து பெறப்பட்டது. தொல்காப்பியம் செவிலிக்குக் கூற்று நிகழ்த்தும் உரிமையை வழங்குகிறது. எனினும் அவள் பேசுவதெல்லாம் தலைவியைப் பற்றியே. உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிச் சுரம் கடந்து செல்பவளும் அவளே. மகளின் இல்லறச் சிறப்பைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளும் அவளே. அவளுக்கென்று ஒரு வரலாறு அப்பாடல்களில் இல்லை. பிறர் கதையைச் சொல்வதற்காகவே வாய் திறப்பவள் என்ற நிலையே செவிலி கூற்றின் இலக்கணமாக உள்ளது.

‘மருத்துவச்சி’ என்னும் சொல் வேறு வகையானது. மருத்துவத் தொழில் புரியும் பெண் என்னும் பொருள் அதற்கு உண்டு. ஆயினும் வழக்கில் அது பேறு பார்ப்பவள் என்ற அளவில் சுருங்கிவிட்டது. சீகோல் தம்மையும் தம் தாயையும் குறிக்கப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அது பெண் மருத்துவரைக் குறித்த சொல். கரீபியத் தீவுகளில் மூலிகையும் பட்டறிவும் கொண்டு நோய் தீர்த்த பெண்களுக்கு வழங்கியது. பின்னர் ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. சொல் மறையும்போது அச்சொல் குறித்த பணியும் பார்வையிலிருந்து மறைகிறது. சீகோலைப் பற்றி இன்றுவரை நிகழும் வாதங்கள் பலவும், அவர் ‘செவிலியா, விடுதி நடத்தியவரா’ என்ற இரண்டில் ஒன்றாக அமைவதற்குக் காரணம் இந்த மூன்றாவது சொல்லை நாம் இழந்ததே எனலாம்.

சீகோலின் நூல்: மருத்துவச்சியின் கல்வி

மேரி சீகோல் 1805இல் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர். தாய் ஜமைக்காப் பெண். நோயுற்ற படை அதிகாரிகள் தங்கித் தேறும் விடுதியைத் தாய் நடத்தி வந்தார். விடுதியும் மருத்துவமும் அங்கு ஒரே தொழிலின் இரு பக்கங்கள். குழந்தைப் பருவத்தில் பொம்மைக்கும், பின்னர் நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்த்ததை நகைச்சுவையுடன் குறிப்பிடும் சீகோல், தம் கல்வி பள்ளியில் பெற்றதன்று என்பதை இவ்வாறு உணர்த்துகிறார்.

1850இல் கிங்ஸ்டனில் பரவிய வாந்திபேதியில் அவர் அந்நோயை அறிந்தார். 1851இல் பனாமா நிலப்பகுதியின் குரூசஸ் என்னும் ஊரில் தம் சகோதரர் நடத்திய விடுதிக்குச் சென்றிருந்தபோது அந்நோய் அங்கும் தோன்றியது. ஒருவர் திடீரென இறந்தபோது நஞ்சூட்டப்பட்டார் என ஊரார் ஐயுற்றனர். உடலைப் பார்த்த சீகோல் வாந்திபேதி என உறுதிசெய்தார். ஊரில் இருந்த ஒரே மருத்துவ அறிவுடையவர் அச்சம் மிகுந்த ஒரு பல் மருத்துவர். அவரும் மருந்து எழுத மறுத்தார். கடுகுப் பற்று, பாதரச உப்பு, தாகம் தணிக்க இலவங்கப்பட்டை நீர் ஆகியவற்றைக் கொண்டு சீகோல் இரவும் பகலும் பணிபுரிந்தார். பொருள் உள்ளவர்களிடம் கட்டணம் பெற்றார். இல்லாதவர்களுக்கு இலவசமாக அளித்தார்.

இப்பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சி நூலின் தன்மையை விளக்கப் போதுமானது. தம் கையில் இறந்த ஒரு குழந்தையின் உடலை இரவில் ஆற்றங்கரையில் கீறிப் பார்த்து நோயின் போக்கை அறிய முற்பட்டதை அவர் எழுதுகிறார். வாந்திபேதிக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பை ஜான் ஸ்நோ இலண்டனில் தெருக்குழாய் ஒன்றின் வழி நிறுவியது 1854இல். நோய்க்கிருமியை ராபர்ட் கோக் விளக்கியது 1884இல். இவற்றிற்கு முன்னர், மருத்துவப் பட்டம் எதுவுமற்ற கறுப்பினப் பெண் ஒருவர் உடற்கூறு கண்டு அறிய முனைந்தது சிறிய செய்தியன்று. அவர் அளித்த பாதரச உப்பு பயன் தந்திராது, தீங்கே செய்திருக்கும் என்று இன்றைய மருத்துவம் கூறும். ஆனால் அன்றைய பட்டம் பெற்ற மருத்துவர்களும் அதனையே அளித்தனர். தம் சிகிச்சையில் தவறுகள் நேர்ந்தன என்பதையும், எல்லா உடலுக்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பதையும் சீகோல் தாமே எழுதியுள்ளார். பட்டறிவை ஆய்வு செய்து திருத்திக்கொள்ளும் மனம் நூலில் வெளிப்படுகிறது.

அதே குரூசஸில் நடந்த விருந்தொன்றில் அமெரிக்கர் ஒருவர் சீகோலைப் புகழ முற்பட்டு, அவர் தோலை வெளுக்கச் செய்ய இயலுமானால் எந்தக் கூட்டத்திலும் அவரை ஏற்கச் செய்யலாம் என்ற கருத்தில் பேசினார். அத்தகைய மாற்றம் தமக்குத் தேவையில்லை என்று மறுத்த சீகோல், அமெரிக்கர்களின் நடத்தை திருந்துவதற்காகக் கோப்பையை உயர்த்தினார். உயிர் காத்தவரை வாழ்த்தும் வேளையிலும் நிறமே முதலில் நிற்கிறது. பணிக்கு நன்றியும் பணியாளருக்கு இழிவும் ஒரே பேச்சில் வெளிப்படும் இந்நிலை இரு நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

மறுப்பும் விடுதியும்

1854இல் சீகோல் இலண்டன் வந்தபோது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் முன்னரே புறப்பட்டிருந்தார். இன்னும் சிலர் அனுப்பப்படவிருந்தனர். போர்த்துறை அலுவலகம், மருத்துவத் துறை, செவிலியரைத் தேர்வுசெய்த பெண்மணியின் இல்லம், நிதிக்குழு என ஒவ்வொரு வாயிலிலும் சீகோல் காத்திருந்ததை நூல் விவரிக்கிறது. இடமில்லை என்பதே விடை. இடம் இருந்தாலும் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க மாட்டார் என்பதை ஒரு பெண்ணின் முகத்திலிருந்தே படித்துக்கொண்டதாக அவர் எழுதுகிறார். அமெரிக்காவில் கண்ட நிறவெறி இங்கும் வேர் கொண்டிருக்கிறதோ என்ற ஐயம் அப்போதுதான் எழுகிறது. மாலை மங்கிய தெருவில் அவர் கண்ணீர் விட்டார். நூலில் அவர் தமக்காக அழும் இடம் அரிது. இது அவற்றுள் ஒன்று. இங்கும் தம் உதவி பெறவேண்டியவர்களுக்கு அது மறுக்கப்பட்டதே துயரின் காரணமாகக் கூறப்படுகிறது.

பின்னர் உறவினர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து தம் பொருளிலேயே கிரிமியா சென்றார். வழியில் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் நைட்டிங்கேலைச் சிறிது நேரம் சந்தித்து ஓர் இரவு தங்க இடம் கேட்டார். சலவைப் பெண்களின் குடியிருப்பில் அவருக்குப் படுக்கை கிடைத்தது. சலவைப் பெண்கள் உலகெங்கும் கனிந்த மனத்தினர் என்று கூறிவிட்டு, அவ்விரவில் தெள்ளுப்பூச்சிகள் பட்ட பாட்டை வேடிக்கையாக எழுதிச் செல்கிறார். ஆயினும், செவிலியரின் அறைக்கும் சலவைப் பெண்களின் அறைக்கும் இடையிலுள்ள கோடு எளியதன்று. சிறிது காலத்திற்குப் பின் வேறொரு நாட்டில், வேறொரு கறுப்பினப் பெண்ணின் வாழ்வை அக்கோடு எவ்வாறு நிர்ணயித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1855இல் பாலக்லாவாவிற்கு அருகே சீகோல் நிறுவிய ‘பிரிட்டிஷ் ஓட்டல்’ கடையாகவும் உணவகமாகவும் மருந்தகமாகவும் விளங்கியது. அதிகாரிகள் பணம் கொடுத்து உண்டனர். சாலை, இருப்புப்பாதைப் பணியாளர்கள் காலையில் மருந்துக்கு வந்தனர். கப்பலேற்றக் கொணரப்பட்ட காயமுற்றோருக்குத் துறைமுகத்தில் தேநீர் அளித்தார், கட்டுகளைச் சரிசெய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த செர்னாயாப் போரின்போது எதிர்த்தரப்பு ரஷியர்களுக்கும் உதவினார். தாடையில் குண்டு பாய்ந்த ரஷிய வீரர் ஒருவரின் வாயில் விரலை நுழைத்து அதை எடுக்க முயன்றபோது, உயிர் பிரியும் நிலையில் அவ்வீரரின் பற்கள் இறுகின. அக்கடியின் தழும்பு தம் விரலில் நிலைத்துவிட்டதாகச் சீகோல் எழுதுகிறார். புறத்திணை மரபில் விழுப்புண் வீரனின் சான்று. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒரு பெண் தன் உடலில் உள்ள தழும்பைச் சான்றாகக் காட்டுவது அதனினும் வேறான, புதியதொரு சான்று.

சான்றிதழ்களின் இலக்கியம்

1856இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டதும் கடையில் குவிந்திருந்த சரக்கு விலைபோகவில்லை. சீகோல் கடனாளியாக இலண்டன் திரும்பினார். அவருக்கு உதவும் பொருட்டு 1857 ஜூலையில் நான்கு நாள் விழா நடத்தப்பட்டது. நூலும் அம்மாதமே வெளிவந்தது. ‘டைம்ஸ்’ இதழின் போர்ச் செய்தியாளர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் முன்னுரை எழுதினார். டபிள்யூ. ஜே. எஸ். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பெறும் ஒருவர் பதிப்பித்தார். எனவே நூலின் நடையில் சீகோலின் குரல் எவ்வளவு, பதிப்பித்தவரின் கை எவ்வளவு என்ற வினா எழுவது இயல்பே. ஆனால் நூலின் அமைப்பு முழுவதும் ஒரே தேவையை நோக்கி நகர்கிறது.

தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றின் முன்னாள் மருத்துவ அலுவலர் தந்த கடிதம், கிரிமியாவில் மருத்துவமனைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த ஜான் ஹாலின் சான்று, படைத்தலைவர்களின் கடிதங்கள், நோய் தீர்ந்த எளிய தொழிலாளரின் நன்றி மொழிகள் ஆகியவற்றைச் சீகோல் நூலுக்குள் அப்படியே வைத்துள்ளார். கதையோட்டம் இவற்றால் தடைபடுகிறது என வாசகர் கருதக்கூடும். நீதிமன்றத்தில் நிற்பவரின் பேச்சில் ஆவணங்கள் குறுக்கிடுவது போன்றது இது. தான் செய்தேன் என்று தான் கூறினால் நம்பமாட்டார்கள் என்று அறிந்தவரே, கண்டவர்கள் கூறட்டும் என விலகி நிற்பார். தற்புகழ்ச்சி போல் தோன்றும் இப்பகுதிகள் உண்மையில் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை உணர்ந்த ஒருவரின் எச்சரிக்கையாகும்.

நூலின் நகைச்சுவையையும் இவ்வாறே நோக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த விடுதலைக் குரல்களைச் சீகோலிடம் எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவர். அவர் பேரரசின் மீது பற்றுடையவர். தம் ஸ்காட்டிஷ் குருதியைப் பெருமையுடன் குறிப்பிடுபவர். துருக்கியர், கிரேக்கர், மால்ட்டா நாட்டினர் ஆகியோரைப் பற்றிய அவரது கேலிகள் அக்கால ஆங்கிலேயரின் இகழ்ச்சியிலிருந்து வேறுபடவில்லை. இவற்றை மறைத்து அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. யாரிடம் உதவி வேண்டி எழுதினாரோ அந்த வாசகர்களின் சிரிப்பைத் தம் பக்கம் ஈர்ப்பது அவருக்குத் தேவையாக இருந்தது என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

டெய்லரின் நூல்: எழுத்தறிவும் பாசறையும்

சூசி கிங் டெய்லர் 1848இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அங்குச் சட்டப்படி குற்றம். சவானா நகரில் பாட்டியுடன் வாழ்ந்தபோது, புத்தகங்களைத் தாளில் சுற்றி மறைத்து எடுத்துக்கொண்டு விதவை ஒருவரின் வீட்டிற்குச் சென்று பயின்றதை அவர் எழுதுகிறார். 1862இல் வடபுலப் படையின் பாதுகாப்பிற்குத் தப்பி வந்தபோது அவருக்கு வயது பதினான்கு நிறையவில்லை. செயின்ட் சைமன்ஸ் தீவில் பகலில் சிறுவர்க்கும் இரவில் பெரியோர்க்கும் கற்பித்தார். பின்னர், விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட தென்கரோலினா முதல் தொண்டர் படையில் பணியாற்றிய எட்வர்டு கிங் என்பவரை மணந்தார். 1864இல் 33ஆம் கறுப்பினப் படைப்பிரிவு எனப் பெயர் மாற்றம் பெற்ற அப்படையுடன் 1866இல் அது கலைக்கப்படும்வரை இருந்தார்.

படைப் பதிவேட்டில் அவர் பெயர் சலவைப் பெண் என்றே எழுதப்பட்டது. ஆனால் சலவை செய்ய நேரம் கிடைத்தது மிகக் குறைவு என்று அவரே குறிப்பிடுகிறார். வீரர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார், துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார், காயமுற்றோரைப் பேணினார். அம்மை கண்ட வீரர் ஒருவரின் கூடாரத்திற்குப் பிறர் செல்ல அஞ்சியபோது, தாம் அம்மைக்குத் தடுப்பு குத்திக்கொண்டவர் என்பதால் நாள்தோறும் சென்று கவனித்தார். 1864 ஜூலையில் தாக்குதலொன்றில் காயமுற்றோர் திரும்பியபோது, அவர்களுக்குக் கொடுக்கத் தகுந்த உணவு எதுவும் கையில் இல்லை. டின் பாலும் ஆமை முட்டையும் கொண்டு இனிப்புக் கூழ் ஒன்று செய்து கொடுத்ததை டெய்லர் சுருங்கக் கூறுகிறார். மருந்து தீர்ந்துபோன இடத்தில் செவிலியின் அறிவு அடுப்படியிலிருந்து பிறக்கிறது. இலவங்கப்பட்டை நீர் காய்ச்சிய சீகோலும் ஆமை முட்டையைத் தேடிய டெய்லரும் இவ்விடத்தில் அருகருகே நிற்கின்றனர்.

வாக்னர் கோட்டைக்குச் செல்லும் வழியில் மண்டையோடுகள் கிடந்ததையும், நடப்பதற்காக அவற்றை ஒதுக்கியதையும், அவை எத்தரப்பினருடையவை என்பதே அறிய இயலாதிருந்ததையும் அவர் எழுதுகிறார். இயல்பான வாழ்வில் குருதியைக் கண்டு நடுங்குபவர்கள் போரில் எவ்வாறு கலங்காது பணிபுரிகின்றனர் என்று ஒரு வரியில் வியக்கிறார். அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார். இந்த ஒரு வரிக்குமேல் அவர் தம் மனத்தைத் திறப்பதில்லை. இவ்விடத்தில் செவிலி கூற்றின் இலக்கணம் நினைவிற்கு வருகிறது. பேசும் உரிமை கிடைத்த பின்னும் பேணப்பட்டவரே பொருளாக அமைகின்றனர்.

சலவைப் பெண் என்னும் பெயர்

நான்கு ஆண்டுகள் மூன்று மாதங்கள் ஒரு டாலரும் பெறாமல் மனமுவந்து பணியாற்றியதாக டெய்லர் கூறுகிறார். 1892இல் அமெரிக்க நாடாளுமன்றம், போர்க்காலத்தில் உரிய அதிகாரியின் ஆணைப்படி செவிலியராகப் பணிபுரிந்த பெண்களுக்கு மாதம் 12 டாலர் ஓய்வூதியம் வழங்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் பயன் டெய்லருக்குக் கிட்டவில்லை. அப்படைப்பிரிவின் தளபதி டிராபிரிட்ஜ் எழுதிய கடிதம் நூலின் முன் பகுதியில் அச்சிடப்பட்டுள்ளது. நடைமுறை நுணுக்கம் ஒன்றினால் டெய்லரின் பெயர் படைச்செவிலியரின் ஓய்வூதியப் பட்டியலில் சேராதது குறித்து அவர் வருந்துகிறார்; அவரைவிடத் தகுதியுடையவரைத் தாம் அறியவில்லை எனவும் கூறுகிறார்.

இக்கடிதம் நூலின் வாயிலில் நிற்பது தற்செயலன்று. சலவைப் பெண் என்ற இரு சொற்கள் ஒருவரின் நான்காண்டுப் பணியை அழித்துவிட முடியும் என்பதற்கு அது சாட்சி. போர்க்காலத்தில் முகாம்களுக்கு வந்த கறுப்பினப் பெண்கள் பலர் சலவைப் பெண்கள் எனவும் சமையற்காரிகள் எனவும் எழுதப்பட்டனர். காயம் கழுவியதும் கஞ்சி ஊட்டியதும் அப்பெயர்களுக்குள் புதைந்தன. பதிவேடு பொய் சொல்லவில்லை. நிறத்தையும் தொழிலையும் முன்னரே இணைத்து வைத்திருந்த ஒரு சமூகம் கண்டதை மட்டுமே அது எழுதிக்கொண்டது. ஸ்கூட்டாரியில் சீகோலுக்குக் கிடைத்த படுக்கையும் டெய்லருக்குக் கிடைத்த பெயரும் ஒரே பார்வையின் இரு வெளிப்பாடுகளாகும்.

இரு நூல்களும் வேறுபடும் இடம்

சீகோலின் நூல் உதவி வேண்டும் நூல். டெய்லரின் நூல் கணக்குக் கேட்கும் நூல். சீகோல் போர் முடிந்த ஓராண்டில் எழுதினார். டெய்லரோ முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்து எழுதினார். அதற்குள் விடுதலையின் வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டிருந்தன. நூலின் இறுதிப் பகுதியில் அவர் குரல் மாறுகிறது. கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்படுவதை எடுத்துரைத்து, போர் வீணாயிற்றோ என வினவுகிறார். அடிமை முறையைக் காட்டும் நாடகம் ஒன்றை மேடையேற்றக் கூடாதென முறையிட்ட தென்புலப் பெண்கள், இக்கொலைகளுக்கு எதிராக என்றேனும் முறையிட்டதுண்டா எனவும் கேட்கிறார்.

இக்கேள்விகளுக்கு அருகில் ஓர் இரயில் பயணம் இடம்பெறுகிறது. 1898இல் லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் மகன் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. டெய்லர் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். நிறம் பார்த்து வண்டிப்பெட்டியைப் பிரிக்கும் லூயிசியானாச் சட்டம் செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல்தான் தீர்ப்பளித்திருந்தது. மகனைப் படுக்க வைத்து அழைத்துவரப் படுக்கை வசதி கோரினார். கறுப்பினத்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. உட்கார்ந்து பயணம் செய்யும் நிலையில் மகன் இல்லை. தாய் அருகிலிருந்து பேண, அவர் அங்கேயே இறந்தார். கொடியொன்றின் கீழ்ப் போரிட்டவர்களைத் தாம் பேணினார். அக்கொடியின் நாட்டில் தம் மகனைக் கிடத்த ஓர் இருக்கை கிடைக்கவில்லை. டெய்லர் இதனை உரத்த குரலில் கூறவில்லை. நூல் முழுவதும் பிறர் துன்பத்தையே எழுதிவந்தவர், தம் துன்பத்தை எழுதும் ஒரே இடத்திலும் அதனை ஒரு நாட்டின் மீதான குற்றச்சாட்டாகவே எழுதுகிறார். அவரது மௌனத்தின் அளவை அறிந்தவர்க்கே இப்பகுதியின் கனம் புலப்படும்.

பிற்கால மதிப்பீடுகள்

சீகோல் 1881இல் இலண்டனில் மறைந்தார். அவரது கல்லறை 1973இல் ஜமைக்காச் செவிலியர் முன்னின்று புதுப்பிக்கப்பட்டது. நூல் 1984இல் மறுபதிப்புக் கண்டது. 2016இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி அமைந்த இடத்தில் சீகோலுக்குச் சிலையா என எதிர்ப்பும் எழுந்தது. அவர் மருத்துவமனையில் பணிபுரியவில்லை, விடுதியே நடத்தினார், மது விற்றார் என்பன எதிர்ப்பாளர்களின் வாதங்கள். நைட்டிங்கேல் 1870இல் தம் உறவினர் சர் ஹாரி வெர்னிக்கு எழுதிய கடிதத்தில், சீகோல் படையினரிடம் அன்பு காட்டினார், நன்மையும் செய்தார் என ஒப்புக்கொண்டு, குடியைப் பெருக்கினார் எனவும் குறை கூறியுள்ளார். இக்குற்றச்சாட்டை ஒதுக்கிவிட இயலாது; மது விற்றதைச் சீகோலின் நூலே மறைக்கவில்லை.

எனினும் மருத்துவமனைப் பதிவேட்டில் இல்லை, ஆகவே செவிலி அல்லர் என்னும் வாதம், பதிவேட்டில் சேர்க்க மறுத்ததையே தகுதியின்மைக்குச் சான்றாக்குகிறது. மறுபுறம், ‘கறுப்பின நைட்டிங்கேல்’ என அவரைப் போற்றுவோரும் அதே அளவுகோலையே பயன்படுத்துகின்றனர். நைட்டிங்கேலின் பெருமை நிருவாகம், புள்ளிவிவரம், பயிற்சி ஆகியவற்றில் உள்ளது. சீகோலின் பெருமை நோயாளியின் அருகில் அமர்ந்து பெற்ற பட்டறிவில் உள்ளது. ஒருவருக்குரிய அளவுகோலால் மற்றவரை அளக்கும்போது போற்றுதலும் குறைத்தலாகிவிடும். மருத்துவச்சி என்னும் இழந்த சொல்லை மீட்டுக்கொண்டால் இவ்வழக்கின் பாதி தீர்ந்துவிடும்.

1912இல் மறைந்த டெய்லருக்கான ஏற்பு இன்னும் தாமதமாகவே வந்தது. அடிமை முறையை ஆதரித்த அரசியலாளர் கால்ஹூன் பெயரில் இருந்த சவானா நகரச் சதுக்கத்திற்கு 2023இல் டெய்லரின் பெயரைச் சூட்ட நகர மன்றம் முடிவு செய்தது. எந்த நகரில் புத்தகத்தை மறைத்து எடுத்துச் சென்றாரோ அந்நகரிலேயே அவர் பெயர் எழுதப்பட்டது.

பதிவேடு குறித்த போராட்டம் இவ்விருவரோடு முடிந்துவிடவில்லை. 1879இல் மேரி எலிசா மஹோனி பாஸ்டனில் பயிற்சி முடித்து, முறையான பயிற்சி பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கச் செவிலியரானார். பயிற்சி பெற்ற பின்னும் அவரைப் போன்றோர்க்குச் சங்கங்களின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. ஆகவே 1908இல் கறுப்பினப் பட்டச் செவிலியர்க்கெனத் தேசியச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அமெரிக்கப் படை ஏற்க முன்வந்த கறுப்பினச் செவிலியர் 56 பேர் மட்டுமே. இவ்வரம்பை எதிர்த்து மேபல் ஸ்டாப்பர்ஸ் நடத்திய இயக்கத்தின் பயனாக 1945 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. அவ்வரலாற்றை ஸ்டாப்பர்ஸ் 1961இல் நூலாக எழுதினார். இங்கும் பணியாற்றியவரே பதிவு செய்ய வேண்டியிருந்தது.

பிரிட்டனில் 1948இல் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியபின் கரீபியத் தீவுகளிலிருந்து பெண்கள் பலர் செவிலியராகச் சென்றனர். அங்குச் செவிலியரில் இரு நிலைகள் இருந்தன. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றோர் பெயர் ‘பதிவேட்டிலும்’ இரண்டாண்டுப் பயிற்சி பெற்றோர் பெயர் ‘பட்டியலிலும்’ சேர்க்கப்பட்டன. கரீபியப் பெண்கள் பலர், வேறுபாடு இன்னதென விளக்கப்படாமலே இரண்டாம் நிலைக்கு அனுப்பப்பட்டனர். அத்தகுதியைக் கொண்டு உயர் பதவிகளை அடைய இயலாது. அவர்களின் சொந்த நாட்டிலும் அதற்கு ஏற்பில்லை. சலவைப் பெண் என்று எழுதிய கையே பின்னர்ப் பட்டியலையும் எழுதியது எனலாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, சீகோல், டெய்லர் ஆகியோரின் நூல்களில் காணப்படும் சான்றிதழ்களும் மௌனமும் கலைக்குறைகள் அல்ல. தம் சொல் ஏற்கப்படாத இடத்தில் பேசுவோர் தேர்ந்துகொண்ட வடிவம். இரண்டாவது, கறுப்பினச் செவிலியரின் பங்களிப்பை அளவிடப் பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வு, மறுத்தவரின் தீர்ப்பையே மீண்டும் எழுதுகிறது. மூன்றாவது, தன்வரலாற்றை அகவெளிப்பாடு என்னும் ஒரே இலக்கணத்தால் அளப்பது இத்தகைய நூல்களுக்குப் பொருந்தாது. பிறரைப் பற்றிப் பேசுவதன் வழியாகவே தன்னை நிறுவும் தன்வரலாறும் உண்டு. செவிலி கூற்றை அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு அதனை இனங்காண்பது எளிது.

சங்கச் செவிலி தலைவியின் கதையைக் கூறி முடித்ததும் பாடலும் முடிந்துவிடும். அவள் பெயரை நாம் அறியமாட்டோம். சீகோலும் டெய்லரும் பேணப்பட்டவர்களின் கதையைக் கூறி முடித்தபின், அட்டையில் தம் பெயரை எழுதினர். பதிவேடு தர மறுத்த இடத்தை அவர்கள் தாமே எடுத்துக்கொண்டனர்.